எஞ்சின் கொட்டகை வேல்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் எல்லாருக்கும் கொண்டாட்டம். யோபு மேஸ்திரிக்கு மட்டும் தூக்கம் வராது. அவர் கிறிஸ்தவ வேதக்காரர் என்பதால் அல்ல. காவடி எடுப்பவர்கள் மேல் அவருக்கு ஒரு புகாரும் கிடையாது. அத்தனை ஆயிரம் தலைகளுக்கு மேலே அவருடைய மின்சாரக் கம்பி ஓடுகிறதே, கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

ஐக்கிய மின்சார சங்கம் என்று வெளியே பெயர்ப்பலகை பெரிதாகத் தொங்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு தகரக் கொட்டகை, அதில் க்ரூடாயில் குடிக்கும் எஞ்சின் ஒன்று, சுவிட்ச் பலகை ஒன்று, மேஸ்திரி ஒருவர், கம்பம் ஏற ஆறுமுகம் என்று ஓர் ஆள். அவ்வளவுதான் சங்கம். ஊர் நெசவாளர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து யுத்தம் முடிந்த கையோடு ஆரம்பித்தது. கொட்டகையிலிருந்து புறப்படும் ஒரே கம்பி குளக்கரையைத் தொட்டு, மலைக்கோயிலுக்கு ஒரு கிளையும் மிஷன் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு கிளையும் விட்டுவிட்டு, கண்டிகை ரோட்டில் போய் முடியும். எங்கே என்ன கோளாறு வந்தாலும் ஊர் மொத்தமும் இருட்டு.

போன வருஷம், சுதந்திரம் வந்த பிறகு ஐப்பசியில், ஒரு புயல் அடித்தது. ஒன்பது நாள் கரண்ட் இல்லை. அறுந்து கிடந்த கம்பியை மிதித்து ஒரு ஜோடி எருது செத்தது. அதற்குப் பிறகு கூடிய பொதுக்கூட்டத்தில் ஆளுக்கு ஆள் கத்தித் தீர்த்து, கடைசியில், ஆபத்து வந்தால் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவது என்று தீர்மானம் போட்டார்கள். யார் எழுதுவது என்றதும் கத்தினவர்கள் எல்லாரும் மேல்துண்டை உதறிக்கொண்டு கிளம்ப, வேலை யோபு தலையில் விழுந்தது.

விழுந்தாலும் ஆசையாகத்தான் எழுதினார். அரக்கோணத்தில் இருபது வருஷம் ரயில்வேயில் இருந்த மனிதர். விதி, ஒழுங்கு என்றால் உயிர். எத்தனை பீப்பாய் எண்ணெய் எப்போதும் இருப்பில் இருக்கவேண்டும், உபரிக் கம்பிச் சுருள் எங்கே இருக்கவேண்டும், ஆஸ்பத்திரிக்கு இரண்டு பெட்ரோமாக்ஸ் தயாராக இருக்கவேண்டும், அறுந்த கம்பி ரோட்டில் கிடந்தால் அதைச் சுருட்டிக் கட்டாமல் ஆள் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று ஐந்து பக்கம் எழுதினார். முதலில் யாருக்கு வெளிச்சம் என்பதில்தான் சண்டை வந்தது. மலைக்குத்தான் முதலில் என்று பாதிப் பேர் பிடிவாதம் பிடித்தார்கள். சங்கத்தின் பிரசிடெண்ட் பச்சையப்பன், இருபது தறி வைத்திருப்பவர், தவறாமல் காவடி எடுப்பவர், அவரே எழுந்து, "முருகனுக்கு இருட்டு புதுசா? பொறக்கற புள்ளைக்குத்தான் வெளிச்சம் வேணும், ஆஸ்பத்திரின்னு எழுதுய்யா," என்று முடித்து வைத்தார்.

அந்த ஐந்து பக்கத்தில் யோபுவுக்கு மிகவும் பெருமையான விதி ஒன்று இருந்தது. ரேணிகுண்டா பக்கம் போகும் ஒற்றை ரயில் பாதையில் ஒரு வழக்கம் உண்டு. பிரம்பு வளையத்தில் ஒரு தோல்பை, பைக்குள் ஓர் இரும்புப் பந்து. அந்தப் பந்து கையில் இல்லாமல் எந்த டிரைவரும் வண்டியை நகர்த்தமாட்டான். பந்து ஒன்றுதான் வெளியே இருக்கும். அதனால் பாதையில் வண்டியும் ஒன்றுதான் இருக்கும். அதையே கம்பத்துக்குக் கொண்டுவந்தார் யோபு. கம்பம் ஏறப் போகிறவன் கொட்டகை ஆணியிலிருந்து அடையாளத்தை எடுத்துக்கொண்டு போகவேண்டும். ஆணி காலியாக இருக்கும்வரை எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஹாண்டிலை யாரும் தொடக்கூடாது. அடையாளம் ஆணிக்குத் திரும்பி வந்தால் எஞ்சின் ஓடலாம். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் இது புரியும்.

ஆனால் பந்து வார்க்க ஊரில் அச்சு இல்லை. மலையடிவாரத்தில் பித்தளை வார்க்கும் கன்னானிடம் இருந்ததெல்லாம் வேல் அச்சு. பச்சையப்பனுக்கு ஒரே சந்தோஷம். "இதைவிட நல்ல அடையாளம் ஏது?" என்று ஒரு சாண் பித்தளை வேலைச் செய்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். யோபு கொஞ்சம் விழித்தார். சிலுவை செய்து கொடு என்றா கேட்க முடியும்? ஆணியில் மாட்டினார்.

அந்தப் பித்தளை வேலை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறவேண்டும் என்பது விதி. ஆறுமுகத்துக்கு அது பிடிக்கவில்லை.

"குத்துது மேஸ்திரி. குனிஞ்சா வயித்துல ஏறுது."

"குத்தட்டும். குத்தினாத்தான் ஞாபகம் இருக்கும்."

ஆறுமுகம் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. அறுந்த இழையைக் கண்ணை மூடிக்கொண்டு முடிபோடும் விரல்கள், அறுந்த கம்பியையும் அப்படியே முடிந்தன. தொழில் சுத்தம். ஆனால் மேஸ்திரி கண்ணுக்கு மறைந்ததும் வேலை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கம்பத்தடியில் மண்ணில் குத்தி வைத்துவிட்டு ஏறுவான். இறங்கும்போது எடுத்துக் கட்டிக்கொண்டு வருவான். இது யோபுவுக்குத் தெரியாது.

அந்த வருஷக் கிருத்திகை அன்று பகல் மூன்று மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. கொட்டகை வாசலில் யோபு வானத்தைப் பார்க்க, உள்ளே ஆறுமுகம் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அலைந்துகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி அம்சாவுக்கு விடியற்காலையிலிருந்து வலி. தலைப்பிரசவம். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவனை, ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று மாமியார் ரஞ்சிதம்தான் துரத்தியிருந்தாள்.

காற்று ஒரே வீச்சாக வீசியது. எஞ்சின் ஒரு முறை முக்கியது, பலகையில் பட்டென்று நெருப்புப் பொறி, ப்யூஸ் போயிற்று. யோபு எஞ்சினை நிறுத்தினார். வெளியே எங்கோ கூட்டம் 'அரோகரா' என்றது.

"குளத்தாண்ட புளியங்கிளை விழுந்திருக்கும்," என்றான் ஆறுமுகம். வேலை ஆணியிலிருந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூங்கில் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

"இடுப்புல கட்டு," என்று யோபு பின்னால் குரல் கொடுத்தார். அவன் திரும்பாமலே ஆங் என்றான்.

அவன் போய்க் கால்மணி ஆகியிருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் லோயிஸ் மூச்சிரைக்க வந்தாள். யோபுவின் சபையைச் சேர்ந்த பெண்.

"அண்ணா, அம்சாவுக்குப் புள்ள குறுக்கால கீது. வயித்தைக் கிழிச்சுதான் எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. ரூம் கும்மிருட்டா கீது. லைட்டு எப்ப வரும்?"

"பெட்ரோமாக்ஸ் ரெண்டு அங்கியே கீதேம்மா. எழுதி வெச்சிருக்கேனே."

"ஈதர் குடுத்துத்தான் மயக்கறாங்க. நெருப்பு பக்கத்துல வந்தா அந்த மருந்து குப்புன்னு பத்திக்கும். பெட்ரோமாக்ஸை வாசப்படிக்கு வெளியதான் வெச்சுகினு கீறோம்."

யோபு சுவரைப் பார்த்தார். காலண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அவருடைய ஐந்து பக்கம் இருந்தது. பெட்ரோமாக்ஸ் என்று எழுதியபோது டாக்டரம்மாவை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்துவிட்டதாக எட்டு மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த மனிதர்.

"ஆறுமுகம் வந்த நிமிஷம் ஓட்டிடுவேன். போய்ச் சொல்லு," என்று அவளை அனுப்பினார்.

மழை பிடித்துக்கொண்டது. மூன்றே முக்கால் ஆயிற்று. ஆணி காலியாக இருந்தது. யோபு ப்யூஸ் கம்பியை மாற்றினார், எண்ணெயைப் பார்த்தார், ஹாண்டிலைத் துடைத்தார், மறுபடியும் எண்ணெயைப் பார்த்தார். ஒரு கிளையைத் தள்ளிவிட இவ்வளவு நேரமா என்று அவனைத் திட்டினார். திட்டியதும் பயமாக இருந்தது, ஜெபம் செய்தார்.

நாலு மணிக்கு ரஞ்சிதம் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து, தொப்பலாக நனைந்திருந்தாள். வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மேஸ்திரிண்ணா, பொண்ணு கத்தறதை நிறுத்திட்டா. சத்தமே இல்ல. கத்தினுகீறவரைக்கும் தைரியமா இருந்தேன். இப்ப பயமா கீது."

அவளுக்குப் போர்த்திக்கொள்ள யோபு ஒரு கோணியை எடுக்கும்போதே பச்சையப்பன் உள்ளே நுழைந்தார். மஞ்சள் வேட்டி, மார்பில் விபூதி, மழையில் எல்லாம் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. கையில் வேல்.

"இந்தாய்யா. ஓட்டு எஞ்சினை."

யோபு அதை வாங்கினார். வேலுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. கழுத்தில் ஒரு முழம் சாமந்தி. நுனியில் கற்பூரப் புகை கறுப்பாகப் படிந்திருந்தது.

"ஏதுங்க இது?"

"உன் ஆளு குளத்தாண்ட கம்பத்தடியில நட்டு வெச்சுட்டு மறந்துட்டான். கிருத்திகையும் அதுவுமா மண்ணுல வேல் நிக்குதுன்னா சனம் சும்மா இருக்குமா? பொன்பாடி ஊர்க்காரங்க காவடி அதைச் சுத்தி ஆடிகினு கீறாங்க. கற்பூரம் ஏத்தி, மலைக்கு எடுத்துகினு போறதுக்குக் கிளம்பிட்டாங்க. நல்லவேளை நான் பாத்தேன். சங்கத்து வேலுய்யான்னு சண்டை போட்டுப் புடுங்கிகினு ஓடியாறேன்."

"ஆறுமுகம்?"

"ஆள் இல்ல. மேலயும் பாத்துட்டேன். கிளையைத் தள்ளியாச்சு, ஏணியும் இல்ல. பொண்டாட்டியைப் பாக்க நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். பாவம், அந்த அவசரத்துல வேல் எங்க ஞாபகம் வரும்?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. யோபு வேலை ஆணியில் மாட்டினார். ஹாண்டிலை எடுத்து எஞ்சினில் பொருத்தினார். அடையாளம் ஆணிக்குத் திரும்பி வந்தால் எஞ்சின் ஓடலாம். தன் கையால் எழுதியது. ரஞ்சிதம் எழுந்து நின்று இரண்டு கையையும் கூப்பிக்கொண்டாள்.

அவர் கை ஹாண்டிலைச் சுற்றவில்லை.

இருபது வருஷத்தில் எத்தனையோ நூறு முறை அந்த இரும்புப் பந்தை அவர் கையில் வாங்கியிருக்கிறார். ஒருமுறையாவது பந்து தனியாக வந்ததா? வண்டி வரும், வண்டியிலிருந்து டிரைவர் கை நீளும், அந்தக் கையிலிருந்து பந்து வரும். வழியில் கிடந்தது என்று ஒருவன் பந்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்தால், பாதை காலி என்று கைகாட்டியை இறக்குவாரா? வண்டி எங்கே என்று அல்லவா கேட்பார்? அதை எழுத மறந்துவிட்டாரே. யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை என்று நினைத்த விஷயம். அதனாலேயே எழுதாமல் விட்டுப்போயிற்று.

"இன்னாய்யா யோசனை?" என்றார் பச்சையப்பன்.

"அவன் கையால வரல."

"வேல் வந்துட்டுதா இல்லியா?"

"வேல் வந்துட்டுது. ஆள் வரலிங்களே. ஆஸ்பத்திரியிலே இருந்தா இந்தம்மா பாத்திருப்பாங்களே." யோபு ரஞ்சிதத்தைப் பார்த்தார். "மருமவன் அங்க வந்தானா?"

ரஞ்சிதம் ஒரு கணம் தடுமாறினாள். "நான் உள்ள இருந்தேன். வெளிய வந்திருப்பான். வந்திருப்பான் மேஸ்திரிண்ணா. நீங்க ஓட்டுங்க. என் பொண்ணு போயிடுவா."

"அவன் கம்பத்து மேல இருந்தா?"

"இல்லன்றாரே இவரு. கண்ணால பாத்தேன்றாரே."

"ஒரு கம்பத்தைத்தாம்மா பாத்தாரு."

பச்சையப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆஸ்பத்திரிதான் மொதல்லன்னு எழுதினது நீ. வேல் வந்தா ஓட்டலாம்னு எழுதினதும் நீ. நாலு பேர் கூடி ஒத்துகினு கையெழுத்துப் போட்ட காகிதம். இப்ப மனசுல தோணினபடி பேசிகினு நிக்கிறியே. தள்ளு, நான் சுத்தறேன்."

அவர் சுற்றிவிடுவார். பலசாலி, எஞ்சின் ஓட்டுவதைப் பலதடவை பார்த்தவர். வாதாடிக்கொண்டிருக்கவும் நேரமில்லை. யோபு ஹாண்டிலை உருவினார். பத்து ராத்தல் இரும்பு அது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி ஓடினார். பின்னால் ரஞ்சிதம் போட்ட கூச்சல் ஸ்டேஷன் ரோட்டின் பாதிவரை அவருக்குக் கேட்டது.

ஐம்பது வயது மனிதர். முழங்காலில் வாதம். குளக்கரை முழுக்க மஞ்சள் துணி. மழையைப் பார்த்து ஒருவரும் கலையவில்லை. உடம்பால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். ஹாண்டிலைத் தோளில் சுமந்து ஓடியவரைப் பார்த்து, ஏதோ புது மாதிரி நேர்த்திக்கடன் என்று நினைத்து இரண்டு பேர் அரோகரா சொல்லி வழிவிட்டார்கள். குளத்தாண்டைக் கம்பத்தில் பச்சையப்பன் சொன்னது போலவே யாரும் இல்லை. அடியில் கற்பூரம் எரிந்த கறுப்பு மட்டும் இருந்தது.

அங்கே நின்றபோதுதான் யோபுவுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஆறுமுகம் நிஜமாகவே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தால்? இந்நேரம் வெளிச்சம் எரிந்திருக்குமே. ஒரு பெண்ணையும் பிள்ளையையும் தன் வீம்பால் கொன்றவன் ஆகிவிடுவேனே. திரும்பிவிடலாமா என்று ஓர் அடி வைத்தும் விட்டார்.

பொரி விற்றுக்கொண்டிருந்த ஒருத்தி கோணிக்கு அடியிலிருந்து, "ஏணிக்காரனைத் தேடறியா? கண்டிகை பக்கமா ஓடினான்," என்றாள்.

ரோட்டு வளைவைத் தாண்டி மூன்றாவது கம்பம். சேற்றில் ஊன்றிய ஏணியின் உச்சியில் ஆறுமுகம் நின்றிருந்தான். குளக்கரைக் கம்பத்தின் மேலிருந்து பார்த்தபோதே, அப்பால் இன்னொரு கம்பி அறுந்து ரோட்டில் கிடப்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதன் மேலேயே காவடிக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கம்பியைச் சுருட்டிக் கட்டாமல் நகரக்கூடாது என்பது விதி. அவன் விதிப்படிதான் ஓடினான். திரும்ப இதே வழிதானே என்று வேலை நட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். இப்போது அறுந்த கம்பியை இழுத்துச் சுருட்டி, ஈரமான வெற்றுத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, பல்லில் கயிற்றைக் கடித்தபடி கம்பத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். கம்பியின் மறுமுனை தலைக்கு மேல் கம்பத்துக்குக் கம்பம் தாண்டி, எஞ்சின் கொட்டகைக்கே போயிற்று.

யோபு ஹாண்டிலைக் கீழே போட்டார். அந்தச் சத்தத்தில்தான் ஆறுமுகம் குனிந்து பார்த்தான்.

"மேஸ்திரி? ஹாண்டிலை எடுத்துகினு எங்க வந்தீங்க?"

"வேல் எங்கடா?"

அவன் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. "குளத்தாண்ட... நட்டு வெச்சிருக்கேன்."

"அது உனக்கு முன்னாடி கொட்டகைக்கு வந்துட்டுது."

ஆறுமுகம் தோளில் கிடந்த கம்பியைப் பார்த்தான். ஹாண்டிலைப் பார்த்தான். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டு இறங்கினான். இறங்கியதும் சேற்றில் உட்கார்ந்தான். யோபு அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். அவருக்கு அழுகையும் வந்தது, அறையவும் கை வந்தது.

"எழுந்திரு. அம்சாவுக்கு வெளிச்சம் வேணும். ஓடு."

நாலரைக்கு எஞ்சின் ஓடியது. ஆறுமுகமே சுற்றினான்.

ஆறு மணிக்கு லோயிஸ் வந்து சொன்னாள். அம்சா பிழைத்துவிட்டாள். பிள்ளை இல்லை. ஆண் பிள்ளை. மத்தியானமே வயிற்றுக்குள் உயிர் போய்விட்டது, வெளிச்சம் எப்போது வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னாராம். டாக்டரம்மா உண்மையைச் சொன்னாரா, ஆறுதலுக்குச் சொன்னாரா என்று லோயிஸின் முகத்தில் யோபு தேடினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். ரஞ்சிதம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என் மருமவனைக் காப்பாத்திட்டீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நெசந்தான். உங்களைக் கும்பிடத்தான் வேணும். கை வரல மேஸ்திரிண்ணா."

யோபு வாங்கிக்கொண்டு போன ஆரஞ்சுப் பழங்களை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

கொட்டகைச் சுவரிலிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி, ஐந்து பக்கத்தையும் எடுத்து, இரண்டு இடத்தில் சிவப்புப் பென்சிலால் எழுதினார். பிரசவ அறைக்குப் பாட்டரி விளக்கு. எடுத்தவன் கையாலேயே அடையாளம் திரும்பி வரவேண்டும். பச்சையப்பன் வந்து கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் ஹாண்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதினாறாம் நாள் ஆறுமுகம் வேலைக்கு வந்தான். தாடி வைத்திருந்தான். அவன் வருவான் என்று யோபு கன்னானைக் கெஞ்சிப் புதிதாக ஒன்று செய்து வாங்கியிருந்தார். வட்டமான பித்தளைத் தட்டு, ஓரமெல்லாம் மழுங்க அரத்தால் ராவியது.

"இது குத்தாது," என்று நீட்டினார்.

ஆறுமுகம் அதை வாங்கிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தான். ஆணியிலிருந்து வேலை எடுத்தான். சட்டையைத் தூக்கி, வெறும் வயிற்றில் நுனி படும்படி வைத்து, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினான்.

"டேய், குத்தும்டா."

"ஆங். குத்தட்டும் மேஸ்திரி."

ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். யோபு எஞ்சினிலிருந்து ஹாண்டிலை உருவி மடியில் வைத்துக்கொண்டு, அவன் திரும்பி வரும்வரை வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.